ரெண்டு காலும் ஒண்டா?

புள்ள,

இன்று பகல், பார்க்க விடும் நேரம் முடிந்ததும் ஜன்னலோரக் கட்டிலின் போர்வையைக் காலடியில் விலக்கினேன். தைல வாசம் குப்பென்று அடித்தது. தலையிடிக்கும் தடிமனுக்கும் பஸ் பயணத்துக்கும் என்று நம் பக்கத்தில் எல்லோர் கைப்பையிலும் ஒரு சின்னப் போத்தல் இருக்குமே, அந்தத் தைலம். வாழைச்சேனையிலிருந்து வந்த ஒரு பெண் தன் கணவரின் இரண்டு பாதங்களிலும் அதை நன்றாகத் தேய்த்து, துவாயால் சுற்றி, அதன் மேல் போர்வையையும் இழுத்துவிட்டிருந்தாள். வெளியே போகப் புறப்பட்டவளைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"கால் குளிருதெண்டாரு மிஸி. அதான் தேச்சுவிட்டன்" என்றாள்.

அவருக்குத் தொடையின் இரத்த நாடி வழியாக நெஞ்சுக்குப் பலூன் ஏற்றியிருக்கிறது. எனக்குக் கோபம் வரவேண்டிய இடம் அது. என் வாய் எப்படிப்பட்டது என்று உனக்குத் தெரியும். ஆனால் வரவில்லை. துவாயை அவிழ்த்து, தைலத்தைத் துடைத்து, இரண்டு பாதங்களிலும் புறங்கையை வைத்துப் பார்த்தேன். பேனையால் பெருக்கல் குறி போலப் புள்ளடி போட்டிருந்த இடத்தில் விரலை வைத்து நாடியையும் பார்த்தேன். பிறகு அந்தப் பெண்ணைக் கட்டிலடிக்கு வரச் சொன்னேன். அதற்குப் பிறகு நடந்ததைக் கடைசியில் எழுதுகிறேன். தைல வாசம் இன்னும் என் விரல்களில் இருக்கிறது. மஃரிப் தொழுதுவிட்டு வந்து உட்கார்ந்தவள், இதை உன்னிடம் சொல்லாமல் எழும்ப மாட்டேன் போலிருக்கிறது.

நீ போன பிறகு உங்கள் வயல் வட்டையில் ஒரு வேளாண்மை வெட்டி முடிந்துவிட்டது. அடுத்ததற்கு விதைத்தும் ஆயிற்று. உன் மனிசன் போன கிழமை போன் எடுத்தார். மழை பற்றிக் கதைத்தார், யானை வந்ததைக் கதைத்தார், உன்னைப் பற்றி ஒரு சொல்லும் கதைக்கவில்லை. வைக்கப்போகும்போது, "வாறன் தங்கச்சி" என்று சொல்லிவிட்டு, யானைக் கதையை மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினார். நானும் வைக்கவில்லை.

நாம் இரண்டு பேரும் ஒரே நாளில்தான் அந்த இருதயப் பிரிவுக்குத் தாதிகளாக வந்தோம். நீ கிரானிலிருந்து பஸ்ஸில் தயிர்ச் சட்டியை மடியில் வைத்துக்கொண்டு வருவாய். நான் காத்தான்குடியிலிருந்து மஸ்கட் இனிப்புக் கொண்டு வருவேன். உன் தயிரை நான் தின்பதும் என் மஸ்கட்டை நீ தின்பதுமாக நம் இரண்டு பேருக்கும் உடம்பு வைத்ததுதான் மிச்சம். "காத்தான்குடிக்காரி" என்று என்னைக் கூப்பிடுவாய். கோபமோ பயமோ வந்தால் மட்டும் "புள்ள" என்பாய். நான் உன்னை எப்போதும் "புள்ள" என்றேதான் கூப்பிட்டேன், கோபம் இருந்தாலும் இல்லாவிட்டாலும். தமிழ் ஊர்களும் முஸ்லிம் ஊர்களும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டிருந்த நாட்கள் நம் சர்வீசில் எத்தனையோ முறை வந்து போயின. அப்படியான நாட்களில் வேலை முடிந்தால் நீ உன் பஸ்ஸை விட்டுவிட்டு என் பஸ் வரும்வரை என்னோடு நிற்பாய். ஏன் நிற்கிறாய் என்று நான் கேட்டதில்லை. நீயும் சொன்னதில்லை.

வேலையில் உன்னை எங்கே தேட வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஒரு நோயாளிக்கு நிலைமை மோசமானால் எல்லோரும் தலைமாட்டுக்குத்தான் ஓடுவோம். அங்கேதான் திரை இருக்கிறது, கோடுகள் ஓடுகின்றன, மணி அடிக்கிறது. நீ கால்மாட்டில் நிற்பாய். பலூன் போட்ட ஆளென்றால் கேட்கவே வேண்டாம்.

"நெஞ்சப் பாக்க ஆள் நிறைய இருக்கு. காலுக்கு நாம ரெண்டு பேருந்தான்" என்பாய்.

பலூன் என்றால் என்னவென்று சனங்களுக்குச் சொல்ல உன்னைத்தான் டொக்டரும் கூப்பிடுவார். எங்களுக்கெல்லாம் அது வாயில் வராது. ஒருமுறை உங்கள் ஊர்ப் பக்கத்து வேளாண்மைக்காரர் ஒருவரின் மகன்மாருக்கு நீ சொன்னது எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது. "மூட்ட தூக்கிறவனுக்குக் கீழால ஒரு கை குடுக்கிறதில்லையா, அதுதான் இது. அப்பாட நெஞ்சு களைச்சுப் போச்சு. இந்தப் பலூன் ஒவ்வொரு துடிப்புக்கும் விரிஞ்சு சுருங்கி அதுக்குக் கை குடுக்குது." அவர்கள் தலையாட்டினார்கள். உடனே நீ காலடிக்கு வந்தாய். "ஆனா இது போற வழி தொட நாடி. வாய்க்காலுக்குள்ளால குழாய் போட்ட மாதிரி. வாய்க்கால் சின்னனெண்டா கீழ்வயலுக்குத் தண்ணி போகாது. அப்ப என்ன செய்யணும்? கடைசி வயல் காயுதா எண்டு போய்ப் பாக்கணும்." பெரிய மகன் அந்த இடத்திலேயே குனிந்து தகப்பனின் பாதத்தைத் தொட்டுப் பார்த்தான். கடைசி வயல்காரனின் கஷ்டம் அவனுக்குத் தெரிந்திருக்கும்.

நீ அப்படிச் சொல்லத் தொடங்கியது ஏறாவூர்க் காக்காவுக்குப் பிறகுதான். அதற்கு முன்பு நாமும் எல்லோரையும் போலத்தான் பார்த்தோம், எழுதினோம், அடுத்தவரிடம் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனோம். எங்கள் சனம் அண்ணன் முறைக்குக் காக்கா என்று கூப்பிடும் அந்த மனிசன் மீன் யாவாரி. பெரிய குரல், பெரிய சிரிப்பு. பலூன் போட்ட பிறகும் கட்டிலில் படுத்தபடியே எங்களிடம் இறால் விலை கேட்பார். அவருடைய மனைவிக்கு, நம் பிரிவுக் குளிரில் மனிசனின் கால் விறைத்துப்போகிறது என்று ஒரே கவலை. கட்டாரிலிருந்து மகன் அனுப்பிய கம்பளிச் சொக்ஸ் ஒரு சோடி வைத்திருந்தா. ஆஸ்பத்திரியில் ஒருவரும் பார்க்காத நேரமாகப் பார்த்துச் செய்யவில்லை. எல்லோருக்கும் முன்னால்தான் தைலம் தேய்த்து, சொக்ஸைப் போட்டு, போர்வையைச் செருகிவிட்டுப் போனா. அதைப் பிழை என்று யாரும் நினைக்கவில்லை. நம் ஊரில் படுத்த மனிசனின் காலை மூடுவதுதான் அன்பு.

கால் குளிர்ந்தது குளிரினால் இல்லை என்பது சொக்ஸைக் கழற்றியபோதுதான் தெரிந்தது. ஒரு கால் மனிதக் கால், மற்றது மெழுகு. விரல்களை அசைக்கச் சொன்னபோது காக்கா, "அசைக்கிறன் மிஸி, தெரியுதில்லையா?" என்றார். ஒரு விரலும் அசையவில்லை. டொக்டர் ஓடி வந்தார், குழாயை எடுத்தார், நாடியைத் திறந்து பார்க்கவும் அனுப்பினார். அவர் பிழைத்தார். முழங்காலுக்குக் கீழே கால் போய்விட்டது.

சாமான் அறையில் அந்தச் சொக்ஸை மடியில் வைத்துக்கொண்டு நீ அழுததைப் பார்த்தேன். எனக்கும் அழுகை வந்தது, ஆனால் நான் அழுகையைக் கோபமாக மாற்றிக்கொள்ளும் ஆள். காக்காவின் மனைவியை, அந்த ராத்தாவை, ஏசப் போகிறேன் என்று எழும்பினேன். நீ என் கையைப் பிடித்து இருத்தினாய். பிறகு நீயே அவவிடம் போனாய். அவ கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "நான் அன்பிலதானே மகள் போட்டன்?"

"ஓம் ராத்தா, அன்பிலதான். குளிருக்கு சொக்ஸ் சரி. இது ரெத்தம் வராத குளிர். அத எங்களுக்குச் சொல்லித்தர ஆருமில்ல. இனிச் சொல்லிக் குடுப்பம்."

அந்த "சொல்லிக் குடுப்பம்" என்பதை நீ விடவில்லை. அடுத்த நாளிலிருந்து பலூன் போட்டவரின் போர்வை கணுக்காலோடு நின்றது. இரண்டு பாதமும் வெளியே. பெண்களென்றால் சுற்றித் திரை இழுத்துவிட்டு, பாதம் வெளியே. பலூன் போட முன்பே இரண்டு காலிலும் நாடி அடிக்கும் இடத்தைத் தேடிப் பேனையால் புள்ளடி போட்டுவிடுவாய், பிறகு இருட்டில் தேடுகிற மாதிரி யாரும் தேடக் கூடாதென்று. டொக்டரும் உன்னோடு சேர்ந்துகொண்டார். குழாய் போட முன் தொடை நாடி எவ்வளவு அகலமென்று ஸ்கேனில் பார்ப்பார். சின்ன உடம்புக்காரப் பெண்களுக்கு மெல்லிய குழாயாக எடுப்பார். ஒவ்வொரு காலையும் கட்டிலடியில் நின்று, "இன்றைக்கும் இது வேணுமா?" என்று எங்களிடமும் தன்னிடமும் கேட்பார். வேண்டாத பலூன் ஒரு நாள்கூட உள்ளே கிடக்கக் கூடாது என்பது இரண்டு பேருக்கும் ஒரே பிடிவாதம்.

உன்னுடைய சொந்தக் கண்டுபிடிப்பு மற்றது. பார்க்க வரும் சொந்தக்காரரையே காலுக்குக் காவல் வைத்தாய். நாம் மணிக்கு மணி பார்ப்பது ஒரு பக்கம். ஆனால் தாயோ மனைவியோ கட்டிலடியில் இருக்கும் நேரம் முழுக்க வேறு என்னத்தைச் செய்யப் போகிறார்கள், அழுவதைத் தவிர? "அந்தக் கைக்கு ஒரு வேல குடுப்பம்" என்றாய். அதில்தான் நம் இரண்டு சனத்தின் குணமும் வெளியே வந்தது. எவ்வளவு சிரித்தோம் அன்று, நீ இப்படிச் சொன்னபோது:

"உங்கட ஆக்கள் காலத் தொடவே மாட்டாங்க. குனிஞ்சா குத்தம் வந்திருமெண்டு பயம். எங்கட ஆக்கள் தொட்டுக் கண்ணுல ஒத்திக் கும்பிட்டுட்டுப் போயிருவாங்க. ஒருத்தரும் சூடு பாக்கமாட்டாங்க, காத்தான்குடிக்காரி."

மெய்தான். மகன்மார் வரிசையில் வந்து தகப்பனின் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போவார்கள். கால் ஐஸாக இருந்தாலும் அவர்களுக்குத் தெரியாது, கை அதற்காகப் போகவில்லையே. எங்கள் ஆட்கள் தலைமாட்டில் நின்று ஓதுவார்கள். நீ இரண்டு சாராரையும் பிடித்து இழுத்தாய். "கும்பிட்டதுக்குப் புறகு புறங்கைய வைங்க. ரெண்டு காலுலயும் வைங்க. ஒரு காலுல மட்டும் வெச்சா ஒண்டும் தெரியாது. ரெண்டு காலும் ஒண்டா? அத மட்டும் எங்களுக்குச் சொல்லுங்க." காலில் ஓதிக் கட்டின நூலோடு வந்தவரின் நூலை அவிழ்த்துக் கட்டில் கம்பியில் கட்டினாய். கட்டிய கிழவருக்கு முகம் சுருங்கியது. "கவலப்படாதீங்க அப்பு, ஓதினது கம்பியாலயும் ஏறும். அந்தக் காலுல மட்டும் ஒண்டும் கட்டப்படாது" என்றாய். கிழவர் சிரித்துவிட்டார்.

அதன் பிறகு நம் பிரிவில் பார்க்க விடும் நேரம் முடிந்தால் ஒவ்வொருவராக நம் மேசையடிக்கு வந்து, "ஒண்டுதான் மிஸி", "ரெண்டும் ஒண்டுதான் மிஸி" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். கடையைப் பூட்டித் திறப்பைத் தந்துவிட்டுப் போவது போல இருக்கும். கால்கள் எல்லாம் தப்பின என்று சொல்ல மாட்டேன். வித்தியாசம் தெரிந்தால் நேரத்தோடு தெரிந்தது. நேரத்தோடு தெரிந்தால் டொக்டருக்குச் செய்ய ஏதாவது இருந்தது.

இனி உன்னைப் பற்றிய பகுதி. எனக்கு உன் மேல் இன்னும் கோபம் போகவில்லை என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஊர்ச் சனத்தின் நெஞ்சையெல்லாம் பார்த்தவள், உன் நெஞ்சு நொந்தபோது வாய்வு என்று இஞ்சித் தண்ணி குடித்துக்கொண்டு வெட்டுக்காரருக்குச் சோறு சமைத்தாயாம். இரண்டு நாள் பொறுத்தாயாம். உன் மனிசன் உன்னைக் கொண்டுவந்து இறக்கியபோது நான் வேலையில் நின்றேன். நாற்காலியில் உட்கார்ந்தபடி என்னைப் பார்த்து, "ஏசாத புள்ள" என்றாய். உதடு நீலம். நான் ஏசவில்லை. அந்த ஏச்செல்லாம் இப்போது எனக்குள்ளே கிடக்கிறது.

நெஞ்சின் பெரிய பகுதி களைத்துப்போயிருந்தது. அடைப்பை எடுத்தும் அழுத்தம் ஏறவில்லை. பலூன் போடுவதாக டொக்டர் சொன்னபோது நீ கேட்ட கேள்வி, "என்ட நாடி எவ்வளவு அகலம் டொக்டர்?" அவர் ஸ்கேனைப் பார்த்தபடியே, சின்னதுதான், மெல்லிய குழாய் போடுவோம் என்றார். புள்ளடியை நான் போட்டேன். கோடு கோணிப்போனது. நீ மேலேயிருந்து, "நேராப் போடு, பரீட்சையா எழுதிறாய்?" என்றாய்.

உன்னை ஜன்னலோரக் கட்டிலில் போட்டோம். வாவி தெரியும் என்று நாம் நல்ல நோயாளிகளுக்குக் கொடுக்கும் கட்டில். நீ நல்ல நோயாளி இல்லை. வருகிற போகிற ஆட்களுக்கெல்லாம் உத்தரவு. காலை மடக்கக் கூடாது என்று உனக்கு நீயே ஏசிக்கொள்வாய். மறுநாள் பகல் உன் அம்மா வந்தா. கையில் மடித்த ஒரு பழைய நூல் சேலை. வந்ததும் வராததுமாக அதை விரித்து உன் பாதங்களை மூடப் போனா. ஆம்பிளை டொக்டர்மார் நடமாடும் இடத்தில் மகள் காலை நீட்டிக்கொண்டு கிடக்கிறாளே என்று அவவுக்கு வெட்கம்.

"அம்மா, மூடாதீங்க. புறங்கைய வைங்க. ரெண்டுலயும்."

அம்மாவுக்கு விளங்கவில்லை. நான் அவவின் கையைப் பிடித்து உன் இரண்டு பாதங்களிலும் வைத்தேன். கதிர் அறுத்துக் காய்த்துப்போன கை அது. உள்ளங்கையில் ஒன்றும் தெரிந்திருக்காது. அதனால்தான் புறங்கை என்று நீ எல்லோருக்கும் சொன்னாயா என்று அப்போதுதான் எனக்குத் தோன்றியது. உன்னிடம் கேட்க மறந்தே போனேன்.

"ரெண்டும் ஒண்டா அம்மா?" என்று கேட்டாய்.

"ஓம் மகள். ஒண்டுதான்."

அதற்கடுத்த நாள் பகலும் அம்மா வந்தா. அதற்கு முந்திய மணிக்கு நான் பார்த்தபோது நன்றாக இருந்த கால்தான். அம்மா வைத்த கையை எடுக்கவில்லை. மாற்றி வைத்தா. மறுபடி மாற்றினா. பிறகு உனக்குக் கேட்காமல் என்னிடம், "மகள், இது கொஞ்சம் வேற" என்றா. வலது கால். நான் வைத்துப் பார்த்தேன். எனக்கென்றால் சந்தேகமாகத்தான் இருந்தது, அவ்வளவு சின்ன வித்தியாசம். புள்ளடியில் விரல் வைத்தேன். நாடி தூரத்தில் யாரோ கூப்பிடுவது போல இருந்தது. நீ என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாய்.

டொக்டர் நாடி கேட்கும் கருவியை வைத்துக் கேட்டார். சத்தம் இருந்தது, மெலிந்திருந்தது. உன் நெஞ்சு முதல் நாளைவிடக் கொஞ்சம் தேறியிருந்தது. கொஞ்சம்தான். பலூனை எடுத்தால் கால் தப்பும், நெஞ்சு தாங்குமா தெரியாது. விட்டால் நெஞ்சுக்கு ஓய்வு, கால் என்ன ஆகும் என்று நாம் பார்த்திருக்கிறோம். டொக்டர் அதை உனக்கு மறைக்கவில்லை. மறைக்கவும் முடியாதே. நீ சொன்னாய்:

"கால் போனாலும் பரவாயில்ல எண்டு நான் சொல்லமாட்டன். அந்தக் காக்காட முகத்தப் பாத்தவ நான். குறைச்சுக் குறைச்சுப் பாருங்க டொக்டர். நெஞ்சு தாங்கினா எடுங்க."

மெஷினின் உதவியை முதலில் இரண்டு துடிப்புக்கு ஒன்றாகக் குறைத்தார், பிறகு மூன்றுக்கு ஒன்றாக. அன்று நான் தலைமாட்டில் நின்றேன், திரையைப் பார்த்துக்கொண்டு. உன் அம்மா கால்மாட்டில், கையை எடுக்காமல். அழுத்தம் இறங்கவில்லை. டொக்டர் குழாயை எடுத்தார். இரத்தம் கட்டிப்போகாமல், கசியாமல், தொடையடியைக் கையால் அமத்திப் பிடிக்கும் வேலை எனக்கு. என் தோள் எரிய எரியப் பிடித்தேன். "உன்ட கையும் உன்ட வாய் மாதிரித்தான், பாரம்" என்றாய். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தேன். அம்மாதான் முதலில் சொன்னா, "வருது மகள், சூடு வருது." கொஞ்சநேரம் போய், "இப்ப ரெண்டும் ஒண்டு" என்றா. கட்டிலைச் சுற்றியிருந்த துணித் திரைக்கு அந்தப் பக்கம் நின்ற உன் மனிசன் அப்படியே தரையில் குந்திவிட்டார்.

நம் சர்வீசில் நான் அவ்வளவு சந்தோஷப்பட்ட நாள் வேறு இல்லை. உன் காலை உன் அம்மா காப்பாற்றினா, நீ சொல்லிக்கொடுத்த மாதிரியே. அதை நீயும் அறிந்திருந்தாய். தாழ்வாரத்தில் மெல்ல நடந்து பழகியபோது வேண்டுமென்றே வலது காலைத் தூக்கித் தூக்கி வைத்தாய். வீட்டுக்குப் போகும் நாளன்று வண்டி நாற்காலி வேண்டாமென்று வாசல்வரை நடந்தாய். நான் கையைப் பிடித்துக்கொண்டு வந்தேன். அடுத்த பெருநாளைக்கு மஸ்கட் கொண்டு வருவேன், ஆனால் ஒரு துண்டுதான் தருவேன் என்றேன். "ஒரு துண்டு திண்ண நான் எதுக்குப் பிழைச்ச?" என்றாய்.

பெருநாள் வரவில்லை புள்ள. அதற்கு முன்பே நீ போய்விட்டாய். பகல் சோற்றுக்கு உட்கார்ந்தவள், தண்ணி எடுக்க எழும்பியவள், அப்படியே என்று உன் மனிசன் போனில் சொன்னார். நான் கல்லடிப் பாலத்தில் பஸ்ஸில் இருந்தேன். பக்கத்தில் இருந்த யாரோ ஒரு உம்மா என் கையைப் பிடித்துக்கொண்டா. ஏனென்று கேட்காமலே பிடித்துக்கொண்டா.

டொக்டரிடம் கேட்டேன். அன்று அந்தப் பலூனை எடுக்காமல் விட்டிருந்தால் என்று. ஒருமுறை இல்லை, பலமுறை கேட்டேன். அதற்கும் இதற்கும் தொடர்பில்லை, பழுதான நெஞ்சு திடீரென்று துடிப்பை மாற்றி நின்றிருக்கிறது, பலூன் கிழமைக்கணக்கில் உள்ளே கிடக்கிற சாமானும் இல்லை என்று ஒவ்வொரு முறையும் பொறுமையாகச் சொன்னார். எனக்கு விளங்குகிறது. நான் படித்ததும் அதுதான். இருந்தும் பஸ்ஸில் வரும்போது அந்தக் கேள்வி என்னோடு ஏறிக்கொள்கிறது.

கிரானுக்கு வந்தேன். முற்றம் முழுக்கச் சனம். வாசலில், பொய்க்கால் போட்டு, கைத்தடியோடு ஏறாவூர்க் காக்கா நின்றார். "என்ட காலுக்கு அழுத புள்ள மகள் அது" என்று மட்டும் சொல்லி எனக்கு வழி விட்டார். உள்ளே உன்னைக் கிடத்தியிருந்தார்கள். கூறைச் சேலையால் கணுக்கால்வரை போர்த்தியிருந்தார்கள். பாதங்கள் வெளியே இருந்தன. கணுக்காலோடு நின்ற அந்தப் போர்வையைப் பார்த்ததும், யாரோ உனக்காகத்தான் அப்படி விட்டிருக்கிறார்கள் என்று எனக்குப் பைத்தியம் போல ஒரு நினைப்பு வந்தது. பெருவிரல் இரண்டையும் வெள்ளைத் துணிக் கீலத்தால் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். அது உங்கள் வழக்கம், எனக்குத் தெரியும். ஆனால் என் கை என்னைக் கேட்காமல் அந்த முடிச்சுக்குப் போனது. அந்தக் காலில் ஒன்றும் கட்டக் கூடாதே. முடிச்சைத் தொட்ட பிறகுதான் எங்கே இருக்கிறேன் என்று தெரிந்து கையை எடுத்தேன்.

பெண்கள் சுற்றியிருந்து ஒப்பாரி வைத்தார்கள். எனக்குக் காலடியில் இடம் விட்டார்கள். ஒவ்வொருவராக வந்து உன் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு நகர்ந்தார்கள். உன் மகள் தொட்டாள், அவளைத் தூக்கிக்கொண்டு போனார்கள். நான் எங்கள் வழக்கத்தின்படி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தலைமாட்டில் இருந்த உன் அம்மா அழவில்லை. தொட்டுத் தொட்டுப் போகிற கைகளைப் பார்த்துக்கொண்டே இருந்தா. பிறகு என்னைப் பார்த்தா.

"மகள், காலப் பாரு" என்றா. "ரெண்டும் ஒண்டா இருக்கா?"

ஒப்பாரி நின்றுபோனது. உன் அம்மாவுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று சிலர் நினைத்திருப்பார்கள். எனக்குத் தெரியும், அவவுக்கு எல்லாம் தெளிவாகத்தான் இருந்தது. உனக்குச் செய்ய அவவுக்குத் தெரிந்த கடைசி வேலை அது. அதை எட்டிச் செய்ய முடியாத இடத்தில் இருந்தா. அதனால் என்னிடம் தந்தா. நான் இரண்டு பாதங்களிலும் புறங்கையை வைத்தேன். முதலில் இடது, பிறகு வலது, நீ சொன்னபடி மாற்றி மாற்றி. அவசரப்படாமல் பார்த்தேன்.

"ஓம் அம்மா" என்றேன். "ரெண்டும் ஒண்டுதான்."

அவ தலையை ஆட்டினா. அதன் பிறகுதான் அழுதா.

இன்று பகல் வாழைச்சேனைப் பெண்ணைக் கட்டிலடிக்குக் கூப்பிட்டேன் என்றேனே. தைலப் போத்தலை அவளிடமே திருப்பிக் கொடுத்தேன். ஏசவில்லை. "குளிருதெண்டா தேய்க்க வேணாம், எங்களக் கூப்பிடு" என்று சொல்லி, அவள் கையைத் திருப்பிப் புறங்கையை அவருடைய பாதத்தில் வைத்தேன். ஏதோ பிழை செய்துவிட்டோமென்று அவள் எட்ட நின்று பயந்து பயந்துதான் வைத்தாள். பிறகு குனிந்தாள். இரண்டிலும் வைத்தாள், மாற்றி வைத்தாள்.

"ரெண்டு காலும் ஒண்டா?" என்று கேட்டேன்.

ஒவ்வொரு முறையும் இந்தக் கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் ஒரு சின்ன நேரம் இருக்கிறது புள்ள. அந்த நேரத்தில் என் புறங்கையில் உன் கால் குளிர்கிறது. யாருக்கும் தெரியாது. நான் முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு நிற்பேன்.

"ஒண்டுதான் மிஸி" என்றாள் அந்தப் பெண். "ரெண்டும் நல்ல சூடு."